தொட்டில் விக்கல்

செம்மணல்விளைக்கு விக்கல் வந்தது மழை பொய்த்த ஓர் ஐப்பசி மாதத்தில், பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் விடுகிற ஒரு காலை நேரத்தில். வரிசையில் குடத்தை வைத்துவிட்டு நின்ற பெண்களில் ஒருத்தி விக்கினாள், அவளுக்குப் பின்னால் நின்றவள் விக்கினாள், எதிரே டீக்கடையில் வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த சங்கிலி விக்கினார், மத்தியானத்துக்குள் ஊரே விக்கிக்கொண்டிருந்தது. யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்று முதலில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். துபாயில் இருக்கிற மகன் நினைக்கிறான், திருப்பூருக்குப் போன தம்பி நினைக்கிறான் என்று ஆளுக்கொரு பேரைச் சொல்லித் தண்ணீர் குடித்தோம். ஊர் முழுவதையும் ஒரே நாளில் நினைக்கிற அளவுக்கு எங்களுக்கு வெளியூரில் ஆட்கள் கிடையாது என்பது சாயங்காலத்துக்கு மேல்தான் உறைத்தது.

விஷயம் என்னவென்று தெரிய அதிக நாள் ஆகவில்லை. தனக்கு அழகாகத் தெரிகிற ஒன்றைப் பார்த்தால் விக்கல் வரும், கண்ணை எடுத்தால் நின்றுவிடும், அவ்வளவுதான். ஏன் வந்தது, யார் கொண்டுவந்தார்கள் என்றெல்லாம் நாங்கள் துருவவில்லை. கொசு ஏன் வந்தது என்று யாராவது கேட்கிறார்களா, வலை வாங்கத்தானே போகிறார்கள்.

எங்களை அலைக்கழித்தது விக்கல் இல்லை, யாருக்கு எதைப் பார்த்து வருகிறது என்பதுதான். பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் பஞ்சர் கடை வாசலில் கிடந்த லாரி டயரைப் பார்த்து விக்கினார், அவர் சம்சாரம் பக்கத்து வீட்டு எருமையின் கொம்பைப் பார்த்து விக்கினார், டீக்கடைச் சங்கிலிக்கோ தன் கடைச் சுவரில் எண்ணெய்க் கறை படிந்த இடத்தைப் பார்த்தால் நிற்கவே நிற்காது. ஊரிலேயே லட்சணமான பிள்ளை என்று நாங்கள் ஒரே குரலாகச் சொல்லிக்கொண்டிருந்த தபால்காரர் மகளைப் பார்த்து விக்கினவர்கள் மொத்தம் இரண்டே பேர், அதில் ஒருவர் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தவர். அப்படியானால் இத்தனை வருஷமாக அவளை அழகி அழகி என்று சொன்னது யார் என்று கேட்டால், அடுத்தவன் சொன்னான், நானும் சொன்னேன் என்றுதான் ஒவ்வொருவரும் சொன்னோம். அந்தப் பெண் கொஞ்ச நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை, பாவம்.

இருந்தாலும் குடித்தனம் நடந்துதானே ஆகவேண்டும், ஆகவே விக்கலுக்குத் தக்கபடி நாங்கள் மாறிக்கொண்டோம். மூட்டை கட்டிக்கொண்டு வரும் சேலைக்காரர் ஒரு சேலையை விரித்ததும் விக்கிவிட்டால் அப்புறம் விலையைக் குறைக்கவே மாட்டார் என்பதால், பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு துணியைத் தடவிப் பார்த்துப் பேரம் பேசக் கற்றுக்கொண்டார்கள். அம்மன் சப்பரம் வீதிவலம் வந்த வருஷம் அலங்காரத்தைப் பார்த்துப் பாதி ஊர் விக்காமல் நின்றது பெரிய தலைகுனிவாகப் போய்விட்டதால், அடுத்த வருஷத்திலிருந்து மேளத்துக்குச் சொல்லும்போதே யார் விக்கலும் யார் காதிலும் விழாதபடி அடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டோம். பெண் பார்க்க வந்தால் காபிக்கு முன்னால் தண்ணீர்ச் செம்பை வைத்தார்கள், மாப்பிள்ளை அதில் கை வைக்கிறானா என்று கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். பொய்யாக விக்குகிறவர்கள் பெருகியபோது, மகளிர் குழுத் தலைவி பூரணத்தக்கா அசலையும் போலியையும் பிரித்துச் சொல்லும் பொறுப்பை யாரும் கேட்காமலேயே எடுத்துக்கொண்டார். அசல் விக்கலுக்குத் தோள் தூக்கும், போலி விக்கலுக்குத் தொண்டை மட்டும்தான் ஆடும் என்பது அவர் கணக்கு, அதில் ஒரு தரம்கூட அவர் தவறவில்லை.

ஆனால் உள்ளுக்குள் எல்லோருக்கும் பயம்தான். தெருவில் தலையைக் குனிந்துகொண்டே நடந்தோம். கட்டினவள் பக்கத்தில் இருக்கும்போது இன்னொருத்தியைப் பார்த்து விக்கிவிடக் கூடாது, அதைவிட, கட்டினவளைப் பார்த்து விக்காமல் இருந்துவிடக் கூடாது. சாப்பாட்டு நேரத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். ஒருவருக்கு அழகாய் இருப்பது இன்னொருவருக்கு அப்படி இருக்காது என்று வாயால் சொல்வது சுலபம், அதை நாள் முழுக்கக் காதால் கேட்டுக்கொண்டு ஒரே வீட்டில் இருப்பது சுலபமில்லை.

அந்தப் பயத்தில் நாங்கள் பற்றிக்கொண்டது பெற்றவள் விக்கல் ஒன்றைத்தான். டயரிலும் கொம்பிலும் கறையிலும் ஆளுக்கு ஆள் வேறுபட்டாலும், பெற்றவள் தன் பிள்ளையைப் பார்த்தால் விக்கினாள். பிள்ளைக்கு மூக்கு சப்பையாக இருந்தாலும் விக்கினாள், தலை சுரைக்காயாக நீண்டிருந்தாலும் விக்கினாள், அப்பன் ஜாடையில் இருந்தால்கூட விக்கினாள். அப்பாடா, இதிலாவது உலகம் ஒன்றுபோல இருக்கிறதே என்று எங்களுக்கு ஒரு நிம்மதி. அதனால் தொட்டில் போடுகிற நாளில் பெண்கள் எல்லோரும் கூடி, பெற்றவளை மணையில் உட்காரவைத்துப் பிள்ளையை மடியில் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த விக்கலுக்குக் காத்திருப்பதும், அது கேட்டவுடன் குலவை போட்டுப் பிள்ளையைத் தொட்டிலில் இட்டுப் பேர் சொல்லிக் கூப்பிடுவதும் வழக்கமாகிவிட்டது. விக்கினால் பிரியம் இருக்கிறது, விக்காவிட்டால் பிரியம் இல்லை என்று நாங்களாகவே முடிவுகட்டியிருந்தோம். இரண்டும் ஒன்றுதானா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கைக்குழந்தைகளும் விக்கத்தான் செய்தன, அதை நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. பச்சைப்பிள்ளைக்கு விக்கல் எடுத்தால் குடல் வளர்கிறது என்று முன்பிருந்தே சொல்லிவந்தோம், அதை மாற்றிக்கொள்ள ஒரு காரணமும் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் உலகம்மாளுக்குப் பிள்ளை பிறந்தது.

உலகம்மாள் லோடு ஆட்டோ ஓட்டும் லிங்கதுரையின் மனைவி, விக்கல் வருவதற்கு முந்தின தையில் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். நெடுநெடுவென்று இருப்பாள், முன்பல் இரண்டும் கொஞ்சம் தூக்கல், அதனால் சிரிப்பு வரும்போதெல்லாம் கை தானாக எழுந்து வாயை மூடிவிடும். அவளைப் பார்த்து ஊரில் ஒருவரும் விக்கினதில்லை. லிங்கதுரையும் விக்கினதில்லை. விக்கல் வந்த புதிதில் ஒரு நாள் அவன் அவள் முகத்தைப் பார்த்துத் தொண்டையை ஆட்டிப் பார்த்தான், அவள் அவன் தோளைப் பார்த்துவிட்டு, "விடுங்க, தொண்ட புண்ணாயிரும்" என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவள் விக்கினது ஒரே ஒன்றைப் பார்த்துத்தான், அதுதான் வினையாகப் போனது. அந்த வறட்சியில் குளம் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, பெண்கள் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுக்க அதற்குள் இறங்கினார்கள், உலகம்மாள் கரையில் நின்று அந்த வெடிப்புகளைப் பார்த்து விக்கினாள். அத்தனை பேர் முன்னாலும் விக்கினாள், வாயைப் பொத்தியும் விக்கினாள்.

"தண்ணியில்லாம ஊரே சாவக் கெடக்கு, இவளுக்கு இது அழகா இருக்காம்!" என்றாள் அவள் மாமியார் சொர்ணம்.

"ஒவ்வொரு பாளமும் ஓரத்துல சுருண்டு மேல பாத்துக்கிட்டு நிக்கி அத்தை. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்ல, பாருங்க."

சொர்ணம் பார்க்கவில்லை. மறு வருஷம் மழை பெய்து குளம் நிறைந்து வழிந்து மறுகால் போய், வெடிப்பெல்லாம் தண்ணீருக்கு அடியில் கரைந்துவிட்டது, ஆனாலும் வறண்ட குளத்தைப் பார்த்து விக்கினவள் என்ற பேர் கரையவில்லை. நல்ல காரியங்களுக்குப் பந்தல் போட்டால் அவளைக் கொஞ்சம் ஓரமாக உட்காரச் சொன்னோம். நாங்கள் ஒன்றும் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள்.

பிள்ளை பிறந்தது ஆரம்ப சுகாதார நிலையத்தில். ஆண் பிள்ளை. நர்ஸ் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்ததும் முதலில் விக்கினது லிங்கதுரையின் அக்கா சந்தனமாரி. இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டு, வெகு காலமாகப் பிள்ளை இல்லாமல், கோயில் கோயிலாகப் போய் மரத்தில் தொட்டில் கட்டிவிட்டு வந்தவள். அவளுக்கு வந்த விக்கலில் பிள்ளையைக் கையில் வாங்க முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொர்ணமும் விக்கினாள், அவளுக்குப் பேரன் அல்லவா. பிறகு எல்லோரும் உள்ளே கட்டிலைப் பார்த்தார்கள். உலகம்மாள் பிள்ளையைப் பார்த்தாள், கை நீட்டி வாங்கினாள், மார்போடு வைத்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது. விக்கல் வரவில்லை.

"அசதியா இருக்கும்" என்றார் நர்ஸ், வெளியூர்க்காரர், அவருக்கு இதெல்லாம் விளங்காது.

வீட்டுக்கு வந்த பிறகும் வரவில்லை. பிள்ளையைப் பார்க்க என்று வந்த பெண்கள் உண்மையில் கேட்கத்தான் வந்தார்கள், வந்து உட்கார்ந்து பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். உலகம்மாள் பிள்ளையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள், நிழலில் வைத்துப் பார்த்தாள், தூங்கும்போது பார்த்தாள், அழும்போது பார்த்தாள், தலைமாட்டில் நின்று தலைகீழாகவும் பார்த்தாள். சிவந்து, தோல் உரிந்து, புருவமே இல்லாமல், வயிற்றுவலிக்காரன் போல முகத்தைச் சுளித்துக்கொண்டு கிடந்த அவனை அவளுக்கு அழகு என்று தோன்றவில்லை, எவ்வளவு முயன்றும் தோன்றவில்லை. அதற்காக என்ன? அவன் சிணுங்கினால் அவள் ரவிக்கை நனைந்தது. அவன் மூச்சு விடுகிறானா என்று மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்ப்பதே அவளுக்கு வேலையாக இருந்தது. அடுத்த அறையில் ஒரு பாத்திரம் விழுந்தால் அவள் கை முதலில் அவன் நெஞ்சுக்குப் போனது. இதெல்லாம் சத்தமில்லாமல் நடந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. அவளுக்கே கேட்கவில்லை, அவளும் எங்களைப் போல விக்கலுக்குத்தான் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். குளத்தைப் போலத் தனக்குள்ளும் ஏதோ வெடித்துக் கிடக்கிறதோ என்று பயந்தாள், அந்தப் பயத்தில் சோறு இறங்கவில்லை, சோறு இறங்காததால் பால் குறைந்துவிடுமோ என்று இன்னொரு பயம் வந்து சேர்ந்தது.

முதல் தரம் தொட்டில் போடக் கூடினபோது உச்சிவெயில் ஏறும்வரை காத்திருந்தோம். மணையில் உலகம்மாள், மடியில் பிள்ளை, சுற்றிலும் நாங்கள்.

"ஏளா, புள்ளைய நல்லா பாரு. மூஞ்சியப் பாரு" என்றாள் சொர்ணம்.

"பாத்துக்கிட்டுத்தான இருக்கேன் அத்தை."

"பாத்தா வரணும்லா?"

அவள் மேல் உதட்டில் வேர்த்துக் கொட்டியது. ஒரு கட்டத்தில் அவள் தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது, எல்லோரும் பூரணத்தக்காவைப் பார்த்தோம், அவர் உலகம்மாளின் தோளைப் பார்த்துவிட்டு மெதுவாகத் தலையை ஆட்டி மறுத்தார். "பெத்த ஒடம்பு, அலுப்பா இருக்கும். அமாவாசை கழியட்டும், இன்னொரு தரம் ஒக்காருவோம்" என்று சொல்லி எழுந்துகொண்டார். வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். எங்களுக்கும் கலக்கமாகத்தான் இருந்தது. இதுவும் பொய்த்துவிட்டால் அப்புறம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

அன்று சாயங்காலம் அடுப்படியில் சொர்ணம் மகனிடம் பேசியது உலகம்மாள் காதில் விழுந்தது, விழ வேண்டும் என்றுதான் பேசினாள். "அடுத்த தரமும் வரலேன்னா புள்ள ஒங்க அக்கா வீட்டுல வளரட்டும்ல. ரெண்டு தெருதான. பாலுக்கு இவ போயிக் குடுத்துட்டு வரட்டும். பாத்துப் பாத்து விக்குதவ அங்க இருக்கும்போது, ஆசையில்லாதவ கையில புள்ளைய எதுக்கு விட்டு வைக்கணும்?"

லிங்கதுரை ஆட்டோச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அவன் அம்மாவை எதிர்த்துப் பேசிப் பழகாதவன், லோடு ஆட்டோவில் ஹாரன்கூட லேசாகத்தான் அடிப்பான்.

மறுநாள் சந்தனமாரி வந்தாள். பிள்ளையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள், பார்த்தால் பேச முடியாது என்பதால்.

"நான் கேக்கல உலகு. அம்மையாத்தான் சொல்லுதா."

"தெரியும் மதினி."

"ஆனா கொண்டாந்து குடுத்தா வேண்டாம்னு சொல்ல எனக்குத் தைரியம் வராது. அத உங்கிட்ட மறைக்கக் கூடாதுன்னுதான் வந்தேன்" என்றாள் சந்தனமாரி, அப்போது பிள்ளை கொட்டாவி விட்டது, அவள் திரும்பிப் பார்த்துவிட்டாள், விக்கிக்கொண்டே எழுந்து போனாள். உலகம்மாளுக்கு அவள் மேல் கோபம் வரவில்லை, கோபம் வந்திருந்தால் கொஞ்சம் தைரியமாவது கிடைத்திருக்கும். பிள்ளையை எடுத்து மடியில் போட்டு அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அதற்கு விக்கல் எடுத்தது. "காத்தக் குடிச்சிருக்கான். பாலக்கூட ஒழுங்காக் குடுக்கத் தெரியல" என்று அடுப்படியிலிருந்து சொர்ணத்தின் குரல் வந்தது. உலகம்மாள் பிள்ளையைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டினாள், விக்கல் நின்றது.

அதற்குப் பிறகு அவள் செய்யாதது இல்லை. பொரிகடலை மாவை வெறும் வாயில் அள்ளிப் போட்டுப் பார்த்தாள், பச்சைமிளகாயைக் கடித்துப் பார்த்தாள், இருமல்தான் வந்தது. லிங்கதுரைக்குச் சவாரியில் மனம் ஓடவில்லை. ஒரு மத்தியானம் சொர்ணம் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்து, அவளுக்கு எதிரே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தான். அந்த வீட்டில் அவன் மட்டும் சுவரைப் பார்த்து உட்காருவதில்லை.

"எனக்கு உன்னப் பாத்து விக்கல் வரல, அது உனக்கே தெரியும். ஆனா நீ எதுக்க இல்லாம எனக்குச் சோறு எறங்க மாட்டேங்கு. அதுக்கு என்ன பேருன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது."

"அத ஊருல ஒத்துக்க மாட்டாவ" என்றாள் உலகம்மாள்.

அவன் கையைக் கழுவித் துடைத்துவிட்டு போனை எடுத்து அவளிடம் காட்டினான். அவள் பார்த்தாள். உடனே விக்கினாள், தோள் தூக்க, வயிற்றிலிருந்து, அடுத்தடுத்து விக்கினாள். காய்ந்த குளம். ஒவ்வொரு பாளமும் ஓரம் சுருண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு நீ விக்கும்போது கரையில நின்னு எடுத்தது. எனக்கு வெறும் மண்ணாத்தான் தெரியுது. எதுக்கோ அழிக்காம வச்சிருந்தேன்" என்றான் லிங்கதுரை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "புள்ள துணிக்குள்ள, தலைமாட்டுல வச்சிருதேன். வெளிச்சம் அணையாம வச்சிருதேன். நீ குனிஞ்சு ஒரு பார்வ பாத்தாப் போதும். போலியில்லையே, அசல் விக்கல்தான? பூரணத்தக்கா என்ன சொல்லிர முடியும்?"

உலகம்மாள் அழுதுகொண்டே விக்கினாள், விக்கிக்கொண்டே சரி என்றாள்.

இரண்டாம் தரம் தொட்டில் போட்ட அன்று முந்தின தரத்தைவிடக் கூட்டம் அதிகம், இப்படி ஒரு வேடிக்கைக்கு யார்தான் வராமல் இருப்பார்கள். மின்விசிறியை நிறுத்தினோம், அது கடகடவென்று சத்தம் போடும். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடியதை ஆள் அனுப்பி நிறுத்தினோம். சந்தனமாரி வாசற்படிக்குப் பக்கத்தில் சேலைத்தலைப்பை வாயில் பந்தாகத் திணித்துக்கொண்டு நின்றாள், தன் விக்கல் கேட்டுக் குழப்பம் வந்துவிடக் கூடாது என்று. ஆண்கள் வீட்டுக்குள் வரக் கூடாது என்பதால் லிங்கதுரை ஜன்னலுக்கு வெளியே ஆட்டோவைத் துடைப்பதுபோலத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான். மணையில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் ஏந்தி, இரண்டு கையாலும் தலையைத் தாங்கிக்கொண்டு உலகம்மாள் குனிந்தாள்.

துணி மடிப்புக்குள் போனின் வெளிச்சம் தெரிந்தது. பிள்ளையின் காதுக்கு இரண்டு விரற்கடை தள்ளி, குளம் இருந்தது. கண்ணை இரண்டு விரற்கடை நகர்த்தினால் போதும், விக்கல் வந்துவிடும், குலவை வந்துவிடும், பிள்ளை இந்த வீட்டிலேயே இருக்கும்.

அப்போதுதான் பிள்ளை தன்னைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். இத்தனை நாள் கூரை மோட்டைப் பார்த்தும் விளக்கைப் பார்த்தும் அலைந்துகொண்டிருந்த கண்கள் ஒரு வாரமாகத்தான் நிலைக்கத் தொடங்கியிருந்தன. அவை இப்போது வேறெங்கும் போகாமல் அவள் முகத்தில் நின்றன. இவன் என்னைப் பார்க்கிறான், நான் இவனைத் தாண்டி இன்னொன்றைப் பார்க்கப் போகிறேன் என்று நினைத்தாள். அவளால் முடியவில்லை. மனசு என்னென்னவோ சொல்லிக் கெஞ்சியும் கண் அந்த இரண்டு விரற்கடையைக் கடக்க மறுத்தது. பிள்ளையின் தலைக்கு அடியில் இருந்த கையின் சுண்டுவிரலால் போனைத் தள்ளிவிட்டாள், அது சேலை மடிப்புக்குள் சரிந்து போனது.

சரி, முடிந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. இனிமேல் கொஞ்ச நேரம்தான், பூரணத்தக்கா எழுந்துகொள்வார், சந்தனமாரி வீட்டுக்குத் துணிமணி கட்டுவார்கள். எடுத்துக்கொண்டு போவதற்குள் ஒரு தரம் ஆசை தீரப் பார்த்துவிடுவோம் என்று பார்த்தாள். அழகா இல்லையா என்று பார்க்கவில்லை, அந்தக் கேள்வியே போய்விட்டது, சும்மா பார்த்தாள். பிள்ளை புருவம் இல்லாத நெற்றியைச் சுருக்கி, ஏதோ பெரிய யோசனை செய்கிறவன் போல உதட்டைக் குவித்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு கையிலும் பிள்ளை, வாயை மூடக் கை இல்லை. முன்பல் இரண்டும் தெரிய, அத்தனை பேர் முன்னால், உலகம்மாள் சிரித்தாள்.

விக்கல் கேட்டது.

குலவை கூரையைத் தூக்கியது. சொர்ணம் அழுதுவிட்டாள். யாரோ மின்விசிறியைப் போட்டார்கள், யாரோ தொட்டிலைப் பிடித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே லிங்கதுரை துணியைக் கீழே போட்டுவிட்டு ஆட்டோ மேல் சாய்ந்துகொண்டான், தன் போன் வேலை செய்துவிட்டது என்று நினைத்தான். எங்களுக்கும் போன உயிர் திரும்பி வந்ததுபோல இருந்தது.

அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அதோடு எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். பிள்ளை அவளிடம் இருந்திருக்கும், வறண்ட குளம் என்ற பேரும் போயிருக்கும். ஆனால் இத்தனை வருஷத்தில் தன்னைப் பார்த்து வந்த ஒரே விக்கல், அதை அவள் விக்கினதாக ஊர் எடுத்துக்கொள்வதை அவளால் பொறுக்க முடியவில்லை.

"நிறுத்துங்க. நான் விக்கல" என்றாள். "அவன் விக்கினான்."

குலவை பாதியில் நின்றது.

"என்னது?" என்றாள் சொர்ணம்.

"என்னப் பாத்து விக்கினான் அத்தை."

பூரணத்தக்கா சிரித்தார். "குடலு வளருதுளா. பச்சப்புள்ளைக்கு என்ன தெரியும், அதெல்லாம் கணக்குல சேராது."

 உலகம்மாள் பிள்ளையை மடியில் கிடத்தி, முந்தானையை எடுத்துத் தன் முகத்தை மூடிக்கொண்டாள். நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம். பிள்ளை சும்மா கிடந்தது, விசிறியைப் பார்த்தது, விளக்கைப் பார்த்தது, பூரணத்தக்காவின் வைர மூக்குத்தியைக்கூடப் பார்த்தது, ஒன்றும் இல்லை. அவள் முந்தானையை விலக்கினாள். பிள்ளை அவள் முகத்தைத் தேடிப் பிடித்தது, விக்கியது. மறுபடி மூடினாள், நின்றது. மறுபடி விலக்கினாள், விக்கியது. சின்ன அவரைக்காய் அளவு இருந்த அதன் தோள் இரண்டும் ஒவ்வொரு விக்கலுக்கும் துணிக்குள் தூக்கித் தூக்கி இறங்கியதைப் பூரணத்தக்கா முட்டி போட்டு உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அசல்" என்றார்.

 எங்களில் எத்தனையோ பேர் எத்தனையோ பிள்ளைகளின் விக்கலைத் தட்டித் தட்டி நிறுத்தியிருந்தோம். குடல் வளர்கிறது என்று சொல்லித் தோளில் போட்டு, முகத்தைப் பின்பக்கம் திருப்பி, தட்டி நிறுத்தியிருந்தோம். அது அப்போது ஒவ்வொருத்திக்கும் ஞாபகம் வந்தது, ஒருத்தியும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சந்தனமாரி வாயிலிருந்த துணியை எடுத்துவிட்டு வந்தாள். "ஒரு தரம் குடு உலகு" என்று வாங்கினாள். அவளுக்கு விக்கல் பிய்த்துக்கொண்டு வந்தது, விக்கிக்கொண்டே வாசல் வெளிச்சத்துக்குத் திரும்பிப் பிள்ளையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். பிள்ளை அவளைப் பார்த்தது, நன்றாகத்தான் பார்த்தது, பிறகு அவள் தோளுக்கு அப்பால் தலையைத் திருப்பி, மணையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து விக்கியது. சந்தனமாரி பிள்ளையின் பார்வை போன பக்கம் திரும்பிப் பார்த்தாள்.  பிறகு அவளாகவே குனிந்து பிள்ளையைத் திரும்ப உலகம்மாள் மடியில் வைத்தாள்.

"வச்சுக்கோ. தெனம் வந்து பாத்துட்டுப் போறேன். பாக்க விடுவேல்லா?"

"இங்கனயே ஒக்காந்து பாருங்க மதினி" என்றாள் உலகம்மாள், தள்ளி உட்கார்ந்து மணையில் இடம் விட்டாள்.

அன்றைக்கும் பிள்ளையைப் பார்த்து உலகம்மாளுக்கு விக்கல் வரவில்லை, அதற்குப் பிறகும் வந்ததாக நாங்கள் கேள்விப்படவில்லை. யாரும் அதைக் கேட்கவும் இல்லை. தொட்டில் காத்துக்கொண்டிருந்தது, பேர் சொல்ல வேண்டிய நேரம் போய்க்கொண்டிருந்தது, பிள்ளையோ நிறுத்தாமல் விக்கிக்கொண்டிருந்தது. சொர்ணம் பக்கத்தில் வந்து நின்றாள். மருமகளின் முகத்தை, அந்தத் தூக்கலான பல்லை, இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நினைப்பவள் போல உற்றுப் பார்த்தாள், அவளுக்கு ஒன்றும் தெரிந்த மாதிரி இல்லை.

"எவ்வளவு நேரந்தான் விக்கும், புள்ளைக்கு வயிறு நோவும்ளா" என்றாள். குரலில் பழைய காரம் இல்லை. "கொஞ்சம் பாலக் குடு, நிக்கட்டும்."

"இருக்கட்டும் அத்தை" என்றாள் உலகம்மாள், வாயை மூடாமல் சிரித்துக்கொண்டு. "இன்னும் கொஞ்சம் விக்கட்டும்."